மெல்பர்ன் வரும் பெற்றோர்: பெட்டியில் என்ன இருக்கலாம், அட்டையில் என்ன எழுத வேண்டும்?

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மாவும் அப்பாவும் முதல்முறையாக மெல்பர்ன் வருகிறார்கள். பெட்டியில் துவரம்பருப்பு, கொத்தமல்லி விதை, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை, பால்கோவா, மூன்று மாத மாத்திரை எல்லாம் வருகின்றன. இருவருக்கும் ஆங்கிலம் வராது. கொண்டுவரும் பொருள்களைப் பற்றிக் கேட்டு விமானத்தில் தரும் அட்டையில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் செய்துவிட்டால் பேசாமல் வெளியே வந்துவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள், அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். எது அனுமதி, எது தடை என்ற பட்டியலைக் கேட்பதுபோல் இருந்தாலும், வயதான இருவர் தெரியாத ஊரில் ஓர் அதிகாரியின் முன்னால் மாட்டிக்கொண்டு அவமானப்படக் கூடாதே என்ற கவலைதான் உங்கள் கேள்வியில் தெரிகிறது. அதனால் முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன். நண்பர்கள் சொல்வது தவறு. உங்கள் பெற்றோரைச் சிக்கலில் தள்ளக்கூடியது அந்த ஓர் ஆலோசனைதான்.

நான் கோயம்புத்தூரில் பூச்சியியல் படித்தவன். சேமிப்புத் தானியங்களில் வரும் வண்டுகள்தான் என் துறை. இப்போது மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் தானியக் கிடங்குகளோடு வேலை. விமான நிலைய அதிகாரி அல்ல, அரசின் சார்பில் பேசவும் இல்லை. பூச்சி, பயிர் நோய் பற்றி எழுதுவது படிப்பிலிருந்து வருவது. அட்டை, வரிசை, சோதனை பற்றி எழுதுவது பல குடும்பங்களுக்கு இதே விஷயத்தில் உதவிய பழக்கத்திலிருந்து வருவது. பட்டியல்கள் அவ்வப்போது மாறும். கிளம்பும் வாரத்தில் ஆஸ்திரேலிய வேளாண்மை, மீன்வளம், வனத்துறையின் தளத்தையும், எந்தப் பொருளை எந்த நிபந்தனையோடு கொண்டுவரலாம் என்று சொல்லும் அவர்களுடைய ‘பைகான்’ தரவுத்தளத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இங்கே சட்டம் கேட்பது ஒன்றே: இருப்பதைச் சொல். 1908-ஆம் ஆண்டின் பழைய குவாரண்டைன் சட்டத்துக்குப் பதிலாக 2015-இல் உயிரிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2016 ஜூனிலிருந்து அதுதான் நடைமுறை. அதன்படி அட்டையில் ‘ஆம்’ என்று எழுதி, பொருளை எடுத்துக் காட்டினால், அது தடை செய்யப்பட்ட பொருளாகவே இருந்தாலும் அதற்காக அபராதம் இல்லை. பொருள் போய்விடும், அவ்வளவுதான். சில பொருள்களுக்கு உங்கள் செலவில் சுத்திகரிப்பு செய்துகொள்ளவோ திருப்பி அனுப்பவோ வழி உண்டு. ஆனால் அரைக் கிலோ பருப்புக்கு யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். ‘இல்லை’ என்று எழுதிவிட்டுப் பெட்டிக்குள் இருந்தால்தான் கதை மாறும். 2022-இல் பாலியிலிருந்து டார்வினுக்கு வந்த ஒரு பயணியின் பையில் முட்டையும் மாட்டிறைச்சியும் வைத்த இரண்டு மெக்மஃபினும், ஹாம் வைத்த ஒரு குரோசானும் இருந்தன. அட்டையில் சொல்லவில்லை. மோப்ப நாய் கண்டுபிடித்தது, 2,664 ஆஸ்திரேலிய டாலர் அபராதம். இங்கே சட்டம் அபராதத்தை ‘அலகு’ என்ற கணக்கில் சொல்லும், அந்தத் தொகை 12 அலகு. அப்போது ஓர் அலகு 222 டாலர், 2024 நவம்பரில் அது 330 டாலர் ஆனது.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து விசா. உணவை மறைத்துக் கொண்டுவரும் பார்வையாளரின் விசாவை விமான நிலையத்திலேயே ரத்து செய்யும் அதிகாரம் 2019-இலிருந்து இருக்கிறது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே, சிட்னிக்கு வந்த வியட்நாம் பெண் ஒருவரின் பெட்டியில் சொல்லாமல் வைத்த பச்சைப் பன்றி இறைச்சி உட்படப் பல உணவுகள் கிடைத்ததால் அவரை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். மூன்று ஆண்டுக்குத் திரும்பி வர முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். உங்கள் பெற்றோரும் பார்வையாளர் விசாவில்தான் வருகிறார்கள். ஒரு பொட்டலம் பருப்புக்காக யாரும் எடுக்கக்கூடிய ஆபத்து இல்லை இது.

இனி பெட்டிக்குள் போவோம். பருப்பு, அரிசி, மல்லி, சீரகம், சோம்பு, உளுந்து, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, காராமணி, வேர்க்கடலை, மிளகாய் வற்றல், கோதுமை. நம் அஞ்சறைப் பெட்டியிலும் மளிகை டப்பாக்களிலும் இருப்பவற்றில் நிறைய ஒரு தடைப் பட்டியலில் இருக்கின்றன. 2020 அக்டோபரிலிருந்து இவற்றைப் பயணப் பெட்டியிலும் தபாலிலும் கொண்டுவர முடியாது. பலர் இன்னும் பத்து வருடத்துக்கு முந்தைய அனுபவத்தை வைத்து, ‘நாங்கள் கொண்டுவந்தோமே, ஒன்றும் சொல்லவில்லையே’ என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, விதி மாறிவிட்டது. காரணம் காப்ரா வண்டு.

இந்த வண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இது நம் ஊர்ப் பூச்சி. இந்தியத் துணைக்கண்டம்தான் இதன் பூர்வீகம் என்று கருதப்படுகிறது. வளர்ந்த வண்டு 2 முதல் 3 மில்லிமீட்டர், பறக்காது, சில நாளில் செத்துவிடும். சேதம் செய்வது புழு. செம்பழுப்பு நிறம், உடம்பெல்லாம் மயிர், வால் பக்கம் ஒரு சிறு குச்சம். கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் உருவம் தெரியும், சிறிய புழு வெறும் கண்ணுக்குத் தூசுபோல் இருக்கும். சாக்கின் தையல் இடுக்கிலும், அட்டைப் பெட்டியின் மடிப்பிலும், சுவர் விரிசலிலும் புகுந்துகொள்ளும். இரை இல்லாவிட்டால் உறக்கநிலைக்குப் போய் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அந்த நிலையில் பூச்சி கொல்லப் போடும் புகைமூட்டமும் எளிதில் வேலை செய்யாது. உரிக்கும் தோலும் மயிரும் தானியத்தில் கலந்து, சாப்பிடுகிறவருக்கு ஒவ்வாமை தரும். நம் வீட்டில் பருப்பை வெயிலில் காயவைத்துப் புடைத்தால் கண்ணுக்குத் தெரிந்த பூச்சி போகும். தையலுக்குள் பதுங்கிய புழு போகாது. அம்மா எவ்வளவு சுத்தமானவர் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆஸ்திரேலியாவில் இந்த வண்டு நிலைபெறவில்லை. இங்கே விளையும் தானியத்தில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குப் போகிறது. காப்ரா இருக்கும் நாடு என்று பெயர் வந்தால் வாங்கும் நாடுகள் கதவை மூடும். 2007-இல் பெர்த்தில் ஒரு வீட்டில், வெளிநாட்டிலிருந்து குடிவந்த குடும்பத்தின் சாமான்களோடு இது வந்துவிட்டது. அந்த இடத்திலேயே ஒழித்தார்கள். பரவியிருந்தால் என்ன ஆகும் என்று அரசு போட்ட கணக்கு, 20 ஆண்டில் 15.5 பில்லியன் டாலர் இழப்பு. கிடங்கில் வேலை செய்கிற எனக்கு இது தாளில் இருக்கும் எண் இல்லை. தானியம் விதைத்துக் கடன் கட்டுகிற குடும்பங்களை நேரில் பார்க்கிறேன். ஒரு பருப்புப் பொட்டலத்தால் அவர்கள் பிழைப்பு போகலாம் என்பதைத் தெரிந்தே நான் ஒதுக்கிவிட முடியாது.

அதனால் துவரம்பருப்பு, மல்லி, மிளகாய் மூன்றையும் எடுத்து ஊரிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். மெல்பர்ன் புறநகரான டாண்டினாங்கில் எல்லாம் கிடைக்கிறது, முறைப்படி இறக்குமதியாகி வந்தவை. ஆனால் நீங்கள் உண்மையில் ஆசைப்படுவது அம்மா கையால் திரித்த சாம்பார்ப்பொடியாக இருக்கும். இங்கேதான் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி தொடங்குகிறது. ஆலையில் வறுத்தோ பொரித்தோ அவித்தோ தயாரித்து, அங்கேயே அடைத்த பண்டங்களுக்கு இந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. வீட்டில் வறுத்துத் திரித்தது ‘ஆலைத் தயாரிப்பு’ ஆகாது. அதிகாரி அதை எடுத்துக்கொண்டால் வாதாட இடமில்லை. போனாலும் பரவாயில்லை என்ற மனநிலையோடு, குறைந்த அளவில், அட்டையில் சொல்லிக் கொண்டுவரலாம். வீட்டு முறுக்கு, அதிரசம் போன்ற முழுக்க வெந்த பலகாரம் பெரும்பாலும் பார்த்துவிட்டுத் தந்துவிடுவார்கள். ஆனாலும் சொல்லியாக வேண்டும். கம்பெனி அடைப்பில், ஆங்கில லேபிளோடு இருக்கும் ஊறுகாய்க்கும் வறுத்து அரைத்த காப்பித்தூளுக்கும் சிக்கல் குறைவு. கடைசி முடிவு எப்போதும் அந்த மேசையில் நிற்கும் அதிகாரியுடையது. போன மாதம் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்தது உங்கள் அம்மாவுக்கும் கிடைக்கும் என்று நம்பாதீர்கள்.

கறிவேப்பிலை விஷயத்தில் சந்தேகமே இல்லை. பச்சையாக ஓர் இணுக்குகூட வேண்டாம். எலுமிச்சை, ஆரஞ்சு, கறிவேப்பிலை எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். இந்தக் குடும்பத்து மரங்களில் சாறு உறிஞ்சும் ஒரு சிறு பூச்சி இருக்கிறது, கறிவேப்பிலைக் கொழுந்து அதற்குப் பிரியமான இடம். அது பரப்பும் பாக்டீரியா நோய் வந்தால் ஆரஞ்சு பழுக்காமல் பச்சையாகவே நிற்கும், கோணிப்போகும், கசக்கும். மரம் சில ஆண்டில் செத்துவிடும். மருந்து கிடையாது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2005-இல் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இருபது ஆண்டுக்குள் அங்கே ஆரஞ்சு விளைச்சல் முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. இந்தியாவில் பூச்சியும் இருக்கிறது, நோயும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இரண்டும் இல்லை. செய்தித்தாளில் சுற்றி, புடவை மடிப்புக்குள் வைத்துக் கொண்டுவரும் கொத்து எவ்வளவு பெரிய விஷயம் என்பது இப்போது புரியும் என்று நினைக்கிறேன். வெற்றிலை, மாவிலை, துளசி, கோயில் மாலை, பூ எல்லாமே பச்சைத் தாவரங்கள்தான், அவற்றுக்கும் இதே பதில். அம்மா கிளம்பும் நேரத்தில் குலதெய்வக் கோயிலில் தந்த பூவைக் கைப்பையில் வைத்துக்கொள்வார். அதை இறங்குவதற்கு முன் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

பால்கோவா வராது. இந்தியாவில் மாடுகளுக்குக் கோமாரி இருப்பதால் அங்கிருந்து வரும் பால் இனிப்புகளை எடுத்துக்கொள்வார்கள். கோமாரியை நாம் ஊசி போட்டுச் சமாளிக்கும் நோயாகப் பார்த்துப் பழகிவிட்டோம். இங்கே கடைசியாக அது வந்தது 1872-இல், மெல்பர்னை அடுத்து, இன்று நம் மக்கள் நிறையப் பேர் குடியிருக்கும் வெரிபி பக்கத்தில்தான். 2022-இல் இந்தோனேசியாவில் பரவியபோது விமான நிலையங்களில் செருப்பு மிதித்துக் கடக்கும் கிருமிநாசினி விரிப்பு போட்டார்கள். காரணம், வைரஸ் பாலிலும் இறைச்சியிலும் மட்டுமல்ல, சாணியும் சேறும் ஒட்டிய செருப்பிலும் பயணம் செய்யும். அட்டையில் ஒரு கேள்வி இருக்கிறது: கடந்த 30 நாளில் பண்ணை, பண்ணை விலங்கு, காட்டுப்பகுதி, ஆறு ஏரி போன்றவற்றோடு தொடர்பு இருந்ததா? ‘பண்ணை’ என்று படித்துவிட்டு, நமக்கு ஏது பண்ணை என்று பலர் ‘இல்லை’ போடுகிறார்கள். வீட்டுக் கொல்லையில் இரண்டு மாடு கட்டியிருந்தாலும், அப்பா தினமும் வயலுக்குப் போய் வந்தாலும் அதற்கு விடை ‘ஆம்’. வயலுக்குப் போட்ட செருப்பை ஊரிலேயே விட்டுவிட்டு, அடிப்பாகம் கழுவிக் காய்ந்த வேறு செருப்போடு வரட்டும். அதிகாரி அநேகமாகக் காலணியைக் காட்டச் சொல்வார், மண் ஒட்டியிருந்தால் சுத்தம் செய்வார்.

மரச்சாமானும் சொல்ல வேண்டிய பொருள். மரப்பாச்சியில் துளையும் பட்டையும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கொலு பொம்மை கொண்டுவருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுட்ட மண் பொம்மை பிரச்சினை இல்லை, அதைச் சுற்றி வைக்கும் வைக்கோல்தான் பிரச்சினை. துணியிலோ காற்றுக் குமிழ் பிளாஸ்டிக்கிலோ சுற்றச் சொல்லுங்கள்.

மாத்திரை பற்றி நீங்கள் பயப்பட வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரை மருந்து கொண்டுவர விலக்கு இருக்கிறது. மருத்துவர் சீட்டு ஆங்கிலத்தில், நோயாளியின் பெயரோடு, மருந்தின் வேதிப்பெயரோடு இருக்கட்டும். மாத்திரைகளைக் கம்பெனி உறையிலிருந்து பிரித்து ஒரே டப்பாவில் கொட்டி எடுத்துவரும் பழக்கம் நம் பெரியவர்களுக்கு உண்டு, அதைத் தடுத்துவிடுங்கள். மூட்டுவலிக்குத் தரும் மருந்துகளில் டிராமடால், கோடீன் போன்றவை இருந்தால் சீட்டு கட்டாயம். அட்டையின் முதல் கேள்வியிலேயே ‘மருந்துகள்’ என்ற சொல் ஆயுதம், போதைப்பொருளுக்குப் பக்கத்தில் இருப்பதால் பலர் மிரண்டு ‘இல்லை’ போடுகிறார்கள். ரத்த அழுத்த மாத்திரை வைத்திருப்பவர் ‘ஆம்’ போடுவதுதான் முறை. அதிகாரி ‘என்ன மருந்து’ என்று கேட்பார், சீட்டைக் காட்டினால் போதும். லேகியம், சூரணம், கஷாயப்பொடி எல்லாம் விதை, செடி, மரச்சாமானோடு சேர்த்து மூலிகை மருந்தையும் கேட்கும் கேள்வியில் அடங்கும்.

சுங்கப் பகுதி உங்கள் பெற்றோருக்குப் பெரிய விஷயமில்லை. ஆளுக்கு 900 ஆஸ்திரேலிய டாலர் மதிப்புள்ள பொருள் வரியில்லாமல் வரலாம், 18 வயதுக்குக் கீழ் 450. நகையும் அந்தக் கணக்கில்தான் வரும், குடும்பமாக வருபவர்கள் வரம்புகளைச் சேர்த்துக்கொள்ளலாம். வரம்பைத் தாண்டினால் தாண்டிய அளவுக்கு மட்டுமல்ல, அந்த வகைப் பொருள் முழுவதற்கும் வரி. மது 2.25 லிட்டர். 10,000 டாலரோ அதற்கு மேலோ ரொக்கம் இருந்தால் சொல்ல வேண்டும், கொண்டுவரத் தடையில்லை. சுகாதாரக் கேள்விகளும் குறைவு. கடைசி 6 நாளில் ஆப்பிரிக்காவிலோ தென், மத்திய அமெரிக்காவிலோ கரீபியனிலோ இருந்தீர்களா என்பது மஞ்சள் காய்ச்சலுக்காகக் கேட்பது. காசநோய் இருக்கிறதா என்றும் கேட்கும். தஞ்சாவூரிலிருந்து நேரே வருகிறவர்களுக்கு முதல் கேள்விக்கு விடை எளிது.

இறங்கியபின் நடப்பதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கடவுச்சீட்டு சோதனை, பிறகு பெட்டி எடுக்கும் இடம், பிறகு அட்டையை வாங்கிப் பார்க்கும் அதிகாரி. ‘ஆம்’ போட்டவர்களைத் தனி வரிசைக்கு அனுப்புவார். அது தண்டனை வரிசை அல்ல. பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள், எக்ஸ்ரேவில் விடலாம், நாய் வரலாம். மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் அழைக்கும் வசதி இருக்கிறது. வழியில் உணவுப்பொருளைப் போட்டுவிடத் தொட்டிகள் வைத்திருப்பார்கள். கடைசி நேரத்தில் நினைவுக்கு வந்த வாழைப்பழத்தையும் விமானத்தில் தந்த ஆப்பிளையும் அங்கே போட்டுவிட்டால் யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

ஆங்கிலம் தெரியாத குறையை ஒரு தாளில் தீர்த்துவிடலாம். பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு உணவுப்பொருளையும், மருந்தையும், மரச்சாமானையும் ஆங்கிலத்தில் நீங்களே எழுதி, பக்கத்தில் தமிழிலும் எழுதி, இரண்டு பிரதி அனுப்புங்கள். எந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள். அட்டையைப் பூர்த்தி செய்ய விமானத்தில் யாராவது உதவலாம், ஆனால் கையெழுத்து போடுகிறவர்தான் சட்டப்படி பொறுப்பு. உதவுகிறவர் ‘எல்லாத்துக்கும் நோ போட்டுடுங்க சார்’ என்று சொன்னாலும் அப்பா அந்தத் தாளைத்தான் பார்க்க வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். உணவு முழுவதையும் ஒரே பையில், பெட்டியின் மேலே வையுங்கள். ஐந்து பெட்டியில் பிரித்து வைத்தால் ஐந்தையும் கொட்டிப் பார்ப்பார்கள், திரும்ப அடுக்குவதற்குள் அம்மா களைத்துவிடுவார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கிளம்பும் முதல்நாள் ராத்திரி எதிர்வீட்டு மாமி, ‘எங்க பையனும் மெல்பர்ன்லதான் இருக்கான்’ என்று நன்றாக ஒட்டிய ஒரு பொட்டலம் கொண்டுவருவார். மறுக்க மனம் வராது. ஆனால் அப்பாவின் பெட்டியில் இருப்பதற்கெல்லாம் அப்பாதான் பதில் சொல்ல வேண்டும். ‘அது எங்களுடையது இல்லை’ என்பது இங்கே செல்லாது. மாமியின் முன்னாலேயே பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தடைப் பட்டியலில் இருப்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதியைத் தாளில் எழுதிக்கொள்ளட்டும். பிரிக்கக் கூடாது என்று சொன்னால் வாங்க வேண்டாம்.